பட்டி வேணுமான்னு கேட்டதே நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடியில ஒரு பெயிண்ட் கடையில பார்ட் டைமா வேலை பாக்குறேன். பிஎஸ்சி கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம். காலேஜ் விட்டு அஞ்சு மணிக்கு கடைக்குப் போனா ஒன்பது மணிக்கு ஷட்டர் எறக்குற வரைக்கும் வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும் காலைல இருந்து மத்தியானம் வரைக்கும். ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது. கடைசி பஸ்ஸ புடிச்சு கோட்டையூர் போய்ச் சேந்தாலும் கையில தின்னர் வாடை போகாது, அம்மா சோத்தப் போட்டு வச்சிட்டு மொதல்ல தேங்கா எண்ணெய் தேச்சு கைய கழுவிட்டு வாடின்னு வெரட்டும்.

பேப்பருக்கு லெட்டர் எழுதுற பழக்கம்லாம் எனக்கு கெடையாது சார். ஆனா மார்கழி பொறந்துட்டா பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவங்க, தை மாசக் கல்யாணத்துக்கு வீட்ட ரெடி பண்றவங்கன்னு கடையில நிக்க எடம் இருக்காது, அதுக்கு முன்னாடி இது உங்க பேப்பர்ல வந்தா நாலு வீட்டுச் சுவராவது தப்பிக்கும்னு தோணுச்சு, அதான் எழுதுறேன். விஷயம் இதுதான், நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவத்துக்கு பட்டி பாத்து (பட்டின்னா சுவத்த சமமாக்க பெயிண்ட்டுக்கு முன்னாடி பூசுற சிமென்ட் மாவு) பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடிக்காதீங்க. இத சொல்றது பட்டியும் எமல்ஷனும் வித்து சம்பளம் வாங்குற பொண்ணு, அதையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல எங்க கடை எப்படின்னு சொல்லிடுறேன். முன்னாடி கவுண்டர், அதுல நாலு கம்பெனி ஷேட் கார்டு, பின்னாடி டின்டிங் மெஷின். கஸ்டமர் கார்டுல ஒரு கலர தொட்டுக் காட்டுனா அதுக்கு ஒரு நம்பர் இருக்கும், அத கம்ப்யூட்டர்ல தட்டணும், பேஸ் டப்பாவோட மூடிய தொறந்து மெஷினுக்கு அடியில வச்சா அது செகப்பு இத்தனை மில்லி கருப்பு இத்தனை மில்லின்னு அதுவா விட்டுக்கும், அப்பறம் மூடிய அடிச்சு ஷேக்கர்ல வச்சா ரெண்டு மூணு நிமிஷம் கடையே ஆடும். ஒருக்கா கலக்கிட்டா கம்பெனியும் திரும்ப எடுக்காது நாங்களும் எடுக்க மாட்டோம். வேற வேற நாள்ல கலக்குன டப்பா ஒரே நம்பரா இருந்தாலும் லேசா மாறும், அதனால எல்லாத்தையும் ஒரு பெரிய டிரம்முல ஊத்தி ஒண்ணாக் கலந்துட்டு அடிங்கன்னு சொல்லி அனுப்புவேன், பாதிப் பேரு கேக்க மாட்டாங்க, அப்பறம் ஹால்ல ஒரு சுவரு ஒரு மாதிரி இன்னொரு சுவரு ஒரு மாதிரின்னு போட்டோ எடுத்துட்டு வந்து நிப்பாங்க. ஆரம்பத்துல என்னைப் பாத்தாலே எல்லாரும் "பாப்பா, அந்தத் தம்பிய வரச் சொல்லு"ன்னுதான் கேப்பாங்க, பொம்பளப் புள்ளைக்கு பிரைமருக்கும் தின்னருக்கும் என்ன வித்தியாசம் தெரியும்னு. இப்ப பெயிண்டர் அண்ணன்கள்லாம் நேரா எங்கிட்டதான் வருவாங்க. பெருமைக்கு சொல்லல, அந்தப் பெருமையிலதான் நான் தப்பு பண்ணேன், அதுக்குத்தான் வர்றேன்.

நான் சேந்த மொத வருஷம் கார்த்திகை கடைசியில ஒரு ஆச்சி வந்தாங்க. பக்கத்துல ஒரு ஊர், பேரு வேணாம். தை மாசம் பேத்தி கல்யாணம், வளவு (வீட்டு நடு முற்றமும் அதச் சுத்தி இருக்குற எடமும்) பூரா வெள்ளையடிக்கணும்னு சொன்னாங்க. நம்ம பக்கத்து வீட்டப் பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒரு வீடுன்னா அது ஒருத்தருது கெடையாது, பங்காளிக ஏழு புள்ளி பத்து புள்ளின்னு (புள்ளின்னா ஒரு குடும்பம்) சேந்து இருக்கும், பாதிப் பேரு சென்னை, மீதி பேரு மலேசியா சிங்கப்பூர், கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்புன்னா (முன்னோருக்குக் கும்பிடுறது) மட்டும்தான் எல்லாரும் வந்து கூடுவாங்க, அப்பதான் வீட்டுக்கும் செலவு பண்ணுவாங்க. அந்த வீட்டுக்கும் அப்படித்தான், வாட்ஸப் குரூப்புல பேசி புள்ளிக்கு இவ்வளவுன்னு பிரிச்சு எல்லாரும் ஜிபேல போட்டுட்டாங்களாம், கலர்கூட யாரோ ஒரு மருமகப்புள்ள சென்னையில இருந்து செலக்ட் பண்ணி அனுப்பிட்டாரு, ஐவரி. ஆச்சி கையில ஒரு துண்டுச் சீட்டுல "ஐவரி, நல்லது"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு.

ஆச்சி கேட்டது வெள்ளையடிக்க பெயிண்ட்டு, அவ்வளவுதான். நான்தான், புதுசாக் கத்துக்கிட்ட வாயி சும்மா இருக்குமா, "ஆச்சி, பழைய சுவரா, அப்ப பட்டி பாக்கலைன்னா ஏத்த எறக்கமாத் தெரியும், பட்டி வேணுமா?"ன்னு கேட்டேன். அவங்க "அது வழுவழுன்னுதான் ஆத்தா இருக்கும், முகம் பாக்கலாம்"னாங்க. கூட வந்த பெயிண்டர் அண்ணன் "வழுவழுன்னு இருந்தா பெயிண்ட் புடிக்காது ஆச்சி, லேசா கொத்தி விட்டு பட்டி போட்டாத்தான் நிக்கும்"னு சொன்னாரு. நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனேன். 40 கிலோ பட்டி மூட்டை 14, பிரைமர், 20 லிட்டர் எமல்ஷன் 6 பக்கெட், உப்புத்தாள், ரோலர், எல்லாம் சேத்து நான் போட்டதுலயே அதுதான் பெரிய பில்லு. முதலாளி அன்னிக்கு எனக்கு பரோட்டா வாங்கிக் குடுத்தாரு.

அந்த வழுவழு சுவரு என்னன்னு அப்ப எனக்குத் தெரியாது சார். கோட்டையூர்லயே பொறந்து வளந்தவ, தெனம் அந்த வீடுகள தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன், உள்ள இருக்குற சுவரு எதுல செஞ்சதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஆத்தங்குடிக் கல்லப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, பர்மா தேக்கப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, தூண தட்டித் தட்டி போட்டோ எடுப்பாங்க. சுவரு கண்ணுக்கே தெரியாது.

அடுத்த ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச கையோட ஆச்சி திரும்ப வந்தாங்க. மஞ்சப்பையில இருந்து ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்த எடுத்து கவுண்டர்ல பிரிச்சாங்க. உள்ள பூரா சில்லு சில்லா பெயிண்ட். ஒண்ண எடுத்துப் பாத்தேன். முன்பக்கம் நான் கலக்கிக் குடுத்த ஐவரி, அதுக்கு அடியில பட்டி, அதுக்கும் அடியில பின்பக்கம் ஒரு வெள்ளைத் தோலு, முட்டை ஓடு மாதிரி மினுமினுன்னு. பெயிண்ட் மட்டும் உரியல சார், சுவத்து மேல இருந்த பழைய பூச்சையும் சேத்து புடுங்கிக்கிட்டு வந்திருக்கு. ஆச்சி சத்தம் போட்டிருந்தாக்கூட தேவலை, "பத்திக்குப் பத்தி உப்பிப்போயி கெடக்கு, கீழ உப்பு பூத்துருக்கு, பங்காளிக எல்லாம் என்னையக் கேக்குறாக. நீ கேட்டதுக்குத்தான ஆத்தா நான் சரின்னேன்"னு சொன்னாங்க, அவ்வளவுதான். பத்தின்னா முற்றத்தச் சுத்தி இருக்குற தாழ்வாரம்.

முதலாளி கம்பெனி ரெப்ப வரச்சொன்னாரு. அவரு போய் பாத்து போட்டோ எடுத்துட்டு வந்து, சுவத்துல ஈரம் இருக்கு, அதுக்கு வாரண்டி வராதுன்னுட்டாரு. வாரண்டி கார்டுல பொடி எழுத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு, அத நாங்களும் படிச்சதில்ல, ஆச்சி எங்க படிக்கப் போறாங்க.

அந்தச் சில்லுல ஒண்ண எடுத்து என் ரெக்கார்டு நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம்தான் விசாரிக்க ஆரம்பிச்சேன். கடைக்கு காவிப்பொடி, ஆக்ஸைடு வாங்க ஒரு வயசான கொத்தனார் வருவாரு, ஐயான்னுதான் கூப்பிடுவேன். அவருகிட்ட சில்லக் காட்டுனேன். கையில வாங்கி பெருவெரலால தடவிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பறம் சொன்னாரு, சுண்ணாம்ப நாள்கணக்கா தண்ணியில ஊறப்போட்டு, மணலு சேத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய விட்டு இடிச்சு அரைச்சு, கனமா ஒரு பூச்சு, அதுக்கு மேல மெலிசா ஒரு பூச்சுன்னு பல தடவை பூசி, கடைசியில வெண்ணெய் மாதிரி அரைச்ச சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவ சேத்து பூசி, ஈரம் காயுறதுக்குள்ள கல்ல வச்சு தேய் தேய்னு தேச்சு எடுக்குறதாம். ஒரு சுவத்துக்கு இத்தனை ஆளு இத்தனை நாளுன்னு அவரு சொன்ன கணக்க நான் எழுதல, நம்ப மாட்டீங்க. "இதுக்கு எதுக்குத்தா பெயிண்ட்டு, துணிய நனைச்சு தொடச்சு விட்டாப் போதுமே, உங்க பெயிண்டரு இத உளிய வச்சு கொத்துனானா?"ன்னு கேட்டாரு. கொத்தச் சொன்னப்ப பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனவ நான்னு அவருகிட்ட சொல்லல.

ஏன் உரியுதுன்னு யோசிச்சா அது நான் செமஸ்டர்ல அஞ்சு மார்க்குக்கு எழுதுன கேள்விதான். சுண்ணாம்புக்கல்ல காளவாசல்ல போட்டு 900 டிகிரி பக்கம் சூடு பண்ணா கார்பன் டை ஆக்சைடு போயிடும், நிக்கிறது சுட்ட சுண்ணாம்பு. அதுல தண்ணிய ஊத்துனா கொதிச்சு நீத்துப்போகும். அதச் சுவத்துல பூசுனா காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட கொஞ்சம் கொஞ்சமா இழுத்து மறுபடி கல்லாவே மாறிடும். படிக்கிறப்ப சமன்பாட்ட பேலன்ஸ் பண்ணதோட சரி, இது நம்ம தெருவுல நிக்கிதுன்னு யாரும் சொல்லல. இந்தச் சுவத்துக்கு பொடிப்பொடியா ஓட்டை உண்டு, காத்தும் ஆவியும் போய் வரும். பழைய வீட்டுல அஸ்திவாரத்துல இப்ப மாதிரி ஈரம் ஏறாம தடுக்குற ஏற்பாடெல்லாம் இருக்காது, மழை காலத்துல தரையில இருந்து ஈரம் ஏறும், நாட்டு ஓடு ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருந்தா மேல இருந்தும் எறங்கும். சுவரு அத குடிச்சுட்டு வெயில் வந்ததும் வெளிய விட்டுரும், அப்படித்தான் இத்தனை வருஷமா நிக்கிது. நாம அது மேல சிமென்ட் பட்டியப் பூசி அதுக்கு மேல பிளாஸ்டிக் தோல போத்திவிட்டா ஈரம் எங்க போகும்? உள்ளயே நிக்கும், கரைஞ்ச உப்ப கூட்டிக்கிட்டு பெயிண்ட்டுக்குப் பின்னாடி வந்து முட்டும், அங்க உப்பு கட்டி பூக்கும், அது தள்ளுற தள்ளுல பட்டி உப்பி விழும். பட்டி கெட்டியா புடிச்சிருந்தா அடியில இருக்குறதையும் இழுத்துட்டு விழும். ஆச்சி பொட்டலத்துல இருந்தது அதுதான்.

பெயிண்ட்டு மோசம்னு நான் சொல்லல. புது வீடு, சிமென்ட் பூச்சு, அதுக்கு இதே பட்டியும் எமல்ஷனும் நல்லா நிக்கும், எங்க வீட்டு ஹால்லயே அதுதான் அடிச்சிருக்கோம். எந்தச் சுவத்துக்கு எதுங்கிறதுதான் கேள்வி, அந்தக் கேள்விய எங்க கடையில யாரும் கேக்குறதில்ல, எந்த ரூம் எத்தனை சதுர அடி என்ன கலரு, இத்தோட முடிஞ்சுது. இதுல டோக்கன் சமாச்சாரம் வேற இருக்கு. வீட்டுக்காரங்க நெறைய பேருக்கு தெரியாது, பட்டி மூட்டைக்குள்ளயும் பெயிண்ட் பக்கெட்டுலயும் பெயிண்டருக்குன்னு கம்பெனிக்காரங்க டோக்கன் வச்சிருப்பாங்க, முன்னாடி அத கடையில குடுத்து காசு வாங்குவாங்க, இப்ப க்யூஆர் ஸ்கேன் பண்ணா பாயிண்ட் ஏறும், பாயிண்ட் காசாகும். பெயிண்டர் அண்ணன்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், சாரத்துல ஏறி உசுர பணயம் வச்சு அடிக்கிறவங்க, கூலி என்ன பெருசா கெடைக்குது. ஆனா மூட்டை ஜாஸ்தியானா பாயிண்ட் ஜாஸ்தி, பாயிண்ட் ஜாஸ்தின்னா யாரு போய் "இந்தச் சுவத்துக்கு பட்டியே வேணாம்"னு சொல்லுவா? கடைக்கும் டார்கெட் உண்டு, எனக்கும் தீபாவளிக்கு ஏதோ கெடைக்கும். சுண்ணாம்புக்கு டோக்கன் கெடையாது. எங்க கடையில சுண்ணாம்பு பாக்கெட்டு கழிவறைக்குப் போற வழியில பழைய வாளிக்குப் பின்னாடி கெடக்குது.

சரி அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. முட்டைப் பூச்சு நல்லா இருக்குற சுவத்துக்கு ஒண்ணுமே பண்ண வேணாம், கொத்தனார் ஐயா சொன்ன மாதிரி மெத்துனு துணிய நனைச்சு தொடச்சாப் போதும். சாதா சுண்ணாம்புச் சுவத்துக்கு, முகப்புக்கு வெளிய, ரெண்டாங்கட்டு, சமையக்கட்டு மாதிரி எடத்துக்கு, நம்ம தாத்தா காலத்து வெள்ளையடிப்புதான். கல் சுண்ணாம்ப வாங்கி தண்ணி ஊத்தி நீத்துப்போக வச்சு சில நாள் ஊறவிட்டு துணியில வடிகட்டி பால் மாதிரி தண்ணியா கரைச்சுக்கணும், கெட்டியா அடிச்சா பாளம் பாளமா வந்துரும். கொஞ்சம் வேலம்பிசினோ கஞ்சியோ சேத்தா கையில ஒட்டுறது கொறையும், ஒரு சிட்டிகை நீலம் போட்டா வெள்ளை எடுப்பா தெரியும். அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்த நனைச்சுக்கணும், ஒரு கோட்டு காஞ்சப்பறம் அடுத்த கோட்டு, மூணு கோட்டாவது மெலிசா. சுண்ணாம்பு கொதிக்கிறப்ப சின்னப் புள்ளைகள கிட்ட விடாதீங்க, கண்ணுல பட்டா கண்ணே போயிரும், கரைக்கிறவங்களும் கண்ணாடி போட்டுக்கங்க.

இதுல கஷ்டமும் இருக்கு, மறைக்கல. சாஞ்சு உக்காந்தா முதுகுல வெள்ளை ஒட்டும், வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ஒருக்கா திரும்ப அடிக்கணும், ஷேட் கார்டுல இருக்குற அடர் கலர்லாம் சுண்ணாம்புல வராது, காவியும் லேசான மஞ்சளும் நீலமும்தான். அடிக்கத் தெரிஞ்ச ஆளும் கொறஞ்சு போச்சு, பனை மட்டைய நசுக்கி நாராக்கி பிரஷ் செய்யுறத எங்க பெயிண்டர் அண்ணன்கள்ல ஒருத்தரத் தவிர மத்தவங்க யாரும் கண்ணால பாத்ததுகூட இல்லைங்கிறாங்க. ஆனா அடுத்த தடவை அடிக்கிறப்ப சொரண்ட வேணாம், உளி வேணாம், அதுக்கு மேலயே அடிச்சுக்கிட்டுப் போகலாம். பதினாலு மூட்டை பட்டிக்கு ஆன காசுல எத்தனை பொங்கலுக்கு சுண்ணாம்பு வாங்கலாம்னு ஆச்சி வீட்டு பில்ல வச்சு கணக்குப் போட்டுப் பாத்தேன், பாதியில நிறுத்திட்டேன்.

கதவு சன்னலப் பத்தியும் ஒரு வார்த்தை. பழைய தேக்குக் கதவுல பல காலமா அடிச்ச எனாமல உப்புத்தாள் போட்டு தேய்க்கிறப்ப வீட்டுல குழந்தைங்க இருந்தா வேற எடத்துக்கு அனுப்பிருங்க. நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு விதி போட்டது 2016ல, அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச பழைய கோட்டுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், அந்தத் தூசிய மூச்சுல இழுக்கக்கூடாது. தண்ணிய தொட்டு தேய்ச்சா தூசி பறக்காது. இத கடையில சொன்னா "பாப்பா டாக்டருக்குப் படிக்குது போல"ன்னு சிரிக்கிறாங்க.

உங்க பேப்பர்கிட்ட ஒண்ணு கேக்கணும் சார். நம்ம ஊர்லயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நட்டு, 1953 பொங்கல் அன்னிக்கு தொறந்தது. இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் அது மேல என்ன பூசுனா நிக்கும்னு உலகத்துக்கே ஆராய்ச்சி பண்றவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. இந்த மாதிரி படிச்சவங்க ஒருத்தரையும், எங்க கொத்தனார் ஐயா மாதிரி ஒருத்தரையும் ஒண்ணா உக்கார வச்சு, பழைய சுவத்துக்கு என்ன அடிக்கலாம் என்ன அடிக்கக்கூடாதுன்னு சாதாரணத் தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க. மார்கழிக்கு முன்னாடி போடுங்க. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருகள சேத்தாங்கன்னு அப்பப்ப செய்தி போடுறீங்க, அந்த ஊருகள்ல மழைக்கு மழை சுவரு உரியுறதுக்கும் கொஞ்சம் எடம் ஒதுக்குங்க. மெட்ராஸ்ல இருந்து வாட்ஸப்புல கலர் செலக்ட் பண்ற மருமகப்புள்ளைங்க அத படிச்சாக்கூட போதும், இல்ல கட் பண்ணி குரூப்புல போட்டாக்கூட போதும்.

நான் இப்ப என்ன பண்றேன்னா, யாராவது பழைய வீடுன்னு சொன்னா "வழுவழுன்னு இருக்குமா, கட்டி எத்தனை வருஷம் ஆச்சு"ன்னு ரெண்டு கேள்வி கேக்குறேன். தாத்தா காலத்து வீடுன்னு சொன்னா பட்டிய எடுத்து வைக்க மாட்டேன், கொத்தனார் ஐயா நம்பர குடுத்து அனுப்புறேன். இந்த மாசத்துல மூணு பேரு அப்படிப் போயிருக்காங்க. முதலாளி இன்னும் கவனிக்கல. கவனிச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியல, ஆனாலும் நல்ல மனுஷன்தான், பரீட்சைக்கு லீவு கேட்டா மூஞ்சியக் காட்டாம குடுப்பாரு. கடையில வேலை செய்யுறவங்க உக்கார வசதி பண்ணித் தரணும்னு 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துச்சுல்ல, அதுக்காக ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டாரு. அதுல இப்ப ஷேட் கார்டு உக்காந்துருக்கு, அது வேற கதை, இன்னொரு லெட்டர்ல எழுதுறேன்.

ஆச்சி வீட்டுல இந்த வருஷம் உரிஞ்ச எடத்தையெல்லாம் சொரண்டி எடுத்துட்டு அப்படியே போட்டிருக்காங்க, ஒரு மழை ஒரு வெயிலு காயட்டும், அப்பறம் பாப்போம்னு ஐயா சொல்லிட்டாரு. பங்காளிக குரூப்புல இன்னும் சண்டை ஓயலையாம். போன ஞாயித்துக்கிழமை போய் பாத்துட்டு வந்தேன். பத்தியில ஒரு மூலையில மட்டும் பெயிண்டர் அண்ணனோட உளி படாம ஒரு மொழம் அகலத்துக்கு பழைய பூச்சு அப்படியே இருக்கு, கைய வச்சா சில்லுன்னு இருக்கு, கிட்டப் போனா என் துப்பட்டா கலரு அதுல தெரியுது.

என் பேரு போட வேணாம் சார். கடைக்கு உங்க பேப்பர்தான் வருது, காலைல முதலாளி படிச்சு முடிச்சதும் சாயங்காலம் அதத்தான் நான் மெஷினுக்கு அடியில விரிச்சுப் போடுவேன்.

இப்படிக்கு,
பெயிண்ட் கடை பார்ட் டைம் பொண்ணு,
காரைக்குடி.